‘ஆர்டரை முடிக்கும்’ என்று எழுதியிருந்தேன், ஏஜென்ட் முடித்தேவிட்டது

பட்டர்வொர்த் படகு | திங்கள், இரவு 9.14

மலேசியாவில், பினாங்குத் தீவில் வாழையிலைச் சாப்பாடு போடும் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் (மொழி மாடல் ஒன்றைக் கொண்டு இயங்கும் நிரல்) ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன். விசேஷங்களுக்கும் அவர்கள் சமைத்துத் தருகிறார்கள். (முகவர் என்று எழுதலாம்தான். நம் ஊரில் முகவர் என்றால் காப்பீடு விற்க வருபவர்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் ஏஜென்ட்.)

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஒரு வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார்: “ஞாயிறு புதுமனை புகுவிழாவுக்கு நாற்பது பேர் சாப்பாடு சொல்லியிருந்தேனே, அந்த ஆர்டர் எல்லாம் முடிந்துவிட்டதா?” உறுதியாகிவிட்டதா என்பதுதான் அவர் கேள்வி. ஏஜென்ட் ‘குளோஸ்_ஆர்டர்’ என்ற கருவியை (மாடல் தானே தேர்ந்தெடுத்து இயக்கும்படி நான் எழுதிக் கொடுத்த நிரல் பகுதி) அழைத்தது. “ஆம், உங்கள் ஆர்டர் முடிந்துவிட்டது, நன்றி” என்று பணிவாகப் பதிலும் அனுப்பியது. சமையலறைத் திரையிலிருந்து அந்த ஆர்டர் மறைந்துவிட்டது. ஞாயிறு காலை எட்டரைக்கு அந்த வீட்டிலிருந்து போன் வந்தபோது கடையில் அடுப்பில் இருந்தது அன்றாட வியாபாரத்துக்கான சோறு மட்டும்தான். முதலாளி அதை அப்படியே அள்ளிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

அந்தக் கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கம் முழுவதும் இதுதான்: “ஆர்டரை முடிக்கும்.” மற்றக் கருவிகளுக்கும் இதே நீளம்தான். ‘கெட்_ஆர்டர்’: “ஆர்டரைப் பெறும்.” ‘ஆர்டர்_இன்ஃபோ’: “ஆர்டர் விவரம்.”

விலை கூடிய மாடலுக்கு மாறினால் இது சரியாகுமா? முதலாளியிடம் கூடுதல் பணம் கேட்கும் நிலையில் நான் இப்போது இல்லை.

செந்தூல் ரயில் | திங்கள், இரவு 9.31

“ஆர்டரைப் பெறும்” என்றால் புதிய ஆர்டரை வாங்கிக்கொள்ளுமா, பழைய ஆர்டரை எடுத்துக் காட்டுமா? எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் மாடி | திங்கள், இரவு 10.02

மாடலை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் நிரலை மூடி வைத்துவிட்டு, ஏஜென்டுக்கு என்ன போகிறதோ அதை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டுப் பாருங்கள். கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வகை என்ற வரையறை) ஆகிய மூன்றுதான் இருக்கும். ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் மாடல் கருவிகளை அழைக்கும் இந்த வசதியைத் தந்தபோதும் இதே மூன்று. இன்னொரு ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக், ஏஜென்டுகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை 2024 நவம்பரில் வெளியிட்டபோதும் அடிப்படை இதே மூன்றுதான். உங்கள் நிரலில் ‘சமையலறைத் திரையிலிருந்து நீக்கு’ என்ற வரி எங்கோ இருக்கிறது. அதை நீங்கள் பார்க்கிறீர்கள். மாடல் பார்ப்பதில்லை.

எழுதியவருக்குத் தன் விளக்கம் எப்போதும் தெளிவாகவே தோன்றும். அவர் மண்டைக்குள் மீதிக் கதை இருக்கிறது. ‘முடிக்கும்’ என்று எழுதியபோது உங்கள் கண்முன்னே கடையும், சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டியும், வாங்கிப் போட்ட பணமும் இருந்தன. மாடலுக்கு இருந்தது ஒரு வினைச்சொல். வாடிக்கையாளரும் அதே வினைச்சொல்லைச் சொன்னார். அது இரண்டையும் பொருத்திவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“சாப்பாடு ஒப்படைக்கப்பட்டு, பணம் முழுவதும் பெறப்பட்ட ஆர்டரைச் சமையலறைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்குகிறது. நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கடை ஊழியர் கேட்டால் மட்டும் பயன்படுத்தவும். வாடிக்கையாளர் தம் ஆர்டர் உறுதியா, தயாரா, எப்போது வரும் என்று கேட்டால் இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ‘ஆர்டர்_ஸ்டேட்டஸ்’ கருவி உள்ளது. ஆர்டர் எண் தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்கவும்.”

ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியே ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது. ஆனால் எண்ணிக்கையை விட முக்கியம், ‘எப்போது கூடாது’ என்ற வாக்கியம். பெரும்பாலோர் எழுதாமல் விடுவது அதைத்தான்.

பெயரையும் மாற்றுங்கள். ‘குளோஸ்’ என்பதும் ‘முடி’ போலவே வழுக்கும் சொல். ‘ரிமூவ்_டெலிவர்ட்_ஆர்டர்’ என்று வைத்தால், ஒப்படைக்காத ஆர்டருக்கு அதை அழைப்பதில் மாடலுக்கே ஒரு தயக்கம் வரும்.

தே ஓ கொசோங் | திங்கள், இரவு 10.40

நான் வைத்திருக்கும் பெயரிலேயே பாடம் இருக்கிறது. மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ‘தே’, அதாவது தேநீர், என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றித்தான் வரும். பால் வேண்டாம் என்றால் ‘தே ஓ’, ஆனால் சீனி வந்துவிடும். சீனியும் வேண்டாம் என்றால் ‘கொசோங்’. கெட்டிப்பாலுக்குப் பதில் ஆவிப்பால் என்றால் ‘தே சி’. இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் ‘குராங் மானிஸ்’. பொட்டலமாக வேண்டுமென்றால் ‘பங்குஸ்’. சொல்லாமல் விட்டால் என்ன வரும் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து ‘தே ஓ’ கேட்டவருக்கு முதல் மிடறு குடிக்கும்வரை சீனி இருப்பது தெரியாது.

கருவியின் உள்ளீடுகளும் அப்படித்தான். கொடுக்காமல் விட்டால் எந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும் என்பதை எழுதியாக வேண்டும். எங்கள் கருவி ஒன்றில் தேதி கொடுக்காவிட்டால் ‘இன்று’ என்று எடுத்துக்கொள்ளும். அதை எங்கும் எழுதவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கேட்டவர்களுக்கெல்லாம் அன்றைக்கே முறுக்கு கிளம்பிவிட்டது.

இன்னொன்று: மாமாக் கடையில் சொற்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ‘கொஞ்சம் மிதமான இனிப்பில், பால் வாசனை மட்டும்’ என்று யாரும் கேட்பதில்லை. உள்ளீட்டில் எழுத்துச் சரம் (எதை வேண்டுமானாலும் எழுதலாம்) என்று திறந்து விடாமல், அனுமதிக்கும் மதிப்புகளைப் பட்டியலாகவே ஸ்கீமாவில் கொடுத்துவிடுங்கள்.

செந்தூல் ரயில் | திங்கள், இரவு 10.58

உவமை சுவைதான். பொருந்தவில்லை. மாமாக் கடை அண்ணனுக்குச் சந்தேகம் வந்தால் திரும்பி “பனாஸா (சூடாகவா), ஐஸா?” என்று கத்திக் கேட்பார். மாடல் கேட்கும் என்று நம்ப முடியாது. கட்டாய உள்ளீடு ஒன்று விடுபட்டிருந்தால், பொருத்தமாகத் தோன்றும் ஒரு மதிப்பைத் தானே போட்டுக்கொண்டு போய்விடலாம். சில மாடல்கள் கேட்கும், சில கேட்காது. அதே மாடல் ஒருநாள் கேட்கும், மறுநாள் கேட்காது. கேட்க வேண்டிய இடத்தை நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

தே ஓ கொசோங் | திங்கள், இரவு 11.05

ஒப்புக்கொள்கிறேன். அவர் மேசைக்கு வந்து துடைத்தும் வைப்பார்.

சுங்கைப்பட்டாணி வாசி | செவ்வாய், காலை 7.20

விளக்கம், பெயர் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அடி விழுந்ததெல்லாம் உள்ளீடுகளில்தான்.

அஞ்சல் குறியீட்டை எண் என்று ஸ்கீமாவில் போட்டிருந்தேன். கோலாலம்பூரில் சோதித்தபோது 50470 என்று அழகாகப் போனது. எங்கள் ஊர் 08000, அலோர்ஸ்டார் 05000. முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போய் நான்கு இலக்கமாகச் சுருங்கி, கூரியர் நிறுவனத்தின் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) திருப்பி அனுப்பிவிட்டது. அடையாள அட்டை எண்ணுக்கும் இதே கதி. 2001 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது: 05, 07 என்று. எண்ணாக எடுத்தால் பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகிவிடும். அது எண் போலத் தெரியும் எழுத்துச் சரம். அதை எழுதி, ஓர் உதாரணத்தையும் பக்கத்தில் வையுங்கள். மாடல்கள் உதாரணத்தைப் பார்த்தால் அப்படியே பின்பற்றுகின்றன.

பெயர்களில் தகப்பன் பெயருக்கு முன் வரும் ‘அ/லெ’ (மகன்), ‘அ/பெ’ (மகள்) சாய்கோடும் ஒரு தலைவலி. மலாய் எழுத்தில் எழுதும்போதும் அதே சாய்கோடு. எங்கள் ஏஜென்ட் வாடிக்கையாளர் பெயரை இணைய முகவரியின் ஒரு பகுதியாகச் சேர்த்து அனுப்பியது. சாய்கோட்டுக்கு முன்னால் இருந்தது மட்டும் பெயராகப் போய்ச் சேர்ந்தது. பாதி நம்மவர்களுக்குத் தகப்பன் பெயரே இல்லாமல் ரசீது வந்தது.

தேதி: 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கப் பழக்கத்தில் மார்ச் 4. ‘தேதி’ என்று மட்டும் எழுதாமல், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 2025-04-03 போல, என்று எழுதுங்கள்.

தொகை: 1250 என்று வந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது வெள்ளியா, பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசா? எங்கள் கட்டண ஏபிஐ காசுக் கணக்கில் வாங்குகிறது. உள்ளீட்டின் பெயரையே ‘அமவுண்ட்_சென்’ (சென் என்றால் காசு) என்று மாற்றிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கடைசியாக, ‘வேலைநாள்’. பட்டர்வொர்த்துக்கும் எங்களுக்கும் இடையே சாலையில் கொஞ்ச தூரம்தான். நாங்கள் கெடா. இங்கே அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. பக்கத்துப் பினாங்கில் சனி, ஞாயிறு. ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ‘அடுத்த வேலைநாளைத் தரும்’ என்று ஒரு கருவி வைத்திருந்தேன், மாநிலத்தைக் கேட்காமல். அது சொன்ன நாள் கேட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு விடுமுறை நாள்.

மொழிபெயர்ப்பு மேசை | செவ்வாய், காலை 8.45

தம்பி சுங்கைப்பட்டாணி, நீங்களே ஒரே பதிவில் ‘வெள்ளி’யை இரண்டு பொருளில் பயன்படுத்தியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? மேலே மலேசியப் பணமான ரிங்கிட், கீழே கிழமை. நமக்குத் தடுமாற்றமே வரவில்லை. தமிழ்நாட்டு வழக்கை அதிகம் படித்த மாடலுக்கு வெள்ளி என்றால் கிழமை, அல்லது கொலுசு செய்யும் உலோகம். “முன்பணம் 50 வெள்ளி” என்று விளக்கத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று நான் சோதித்தே பார்த்தேன். பெரும்பாலும் புரிந்துகொண்டது. ஒருமுறை “ஐம்பது வெள்ளிக்கிழமைகள்” என்றது. விளக்கத்தில் ரிங்கிட் என்றே எழுதுங்கள். வாடிக்கையாளர் ‘வெள்ளி’ என்று சொன்னால் அது ரிங்கிட்டாகவும் இருக்கலாம் என்று ஒரு வரியும் சேருங்கள்.

‘பசியாற’ என்ற சொல்லும் அப்படித்தான். இங்கே அது காலை உணவு. “பசியாற என்ன இருக்கிறது?” என்று கேட்டவருக்கு உங்கள் ஏஜென்ட் மதியச் சாப்பாட்டுப் பட்டியலைக் காட்டியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

பட்டர்வொர்த் படகு | செவ்வாய், காலை 9.10

காட்டியிருக்கிறது, அக்கா. இப்போதுதான் பழைய உரையாடலைப் பார்த்தேன். விளக்கங்களை ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமா?

மொழிபெயர்ப்பு மேசை | செவ்வாய், காலை 9.38

கருவியின் பெயருக்கு வேறு வழியில்லை. பெரிய ஏபிஐகள் பொதுவாக ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு போன்றவற்றை மட்டும், ஒரு நீள வரம்புக்குள் கேட்கின்றன. தமிழில் பெயர் வைத்தால் பிழைச் செய்தி வரும். விளக்கத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தமிழ் எழுத்துக்கு டோக்கன் (மாடல் உரையை வெட்டிக் கட்டணம் கணக்கிடும் துண்டு) கூடுதலாகச் செலவாகும், அந்த விளக்கம் ஒவ்வொரு அழைப்பிலும் கூடவே போகும். செலவு பார்த்தால் ஆங்கிலம்.

நான் பார்ப்பது வேறொன்று. அந்த விளக்கத்தைக் கடையில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கடை முதலாளிக்குத் தமிழும் மலாயும்தான் சரளம் என்றால், அவர் படித்து “இது தவறு” என்று சொல்லக்கூடிய மொழியில் முதலில் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களை மட்டும் தமிழிலேயே விட்டுவையுங்கள்.

தோட்டத்துக் கிராணி | செவ்வாய், மதியம் 1.15

எல்லாரும் நன்றாக எழுதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்து பூட்டு ஆகாது. நாற்பது பேர் சாப்பாட்டை நீக்கும் கருவி வாடிக்கையாளரோடு பேசும் ஏஜென்ட் கையில் ஏன் இருந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. ‘கடை ஊழியர் கேட்டால் மட்டும்’ என்று மூன்றாம் மாடிக்காரர் எழுதியது நல்ல வாக்கியம். ஆனால் எதிரே இருப்பவர் ஊழியர்தான் என்று மாடலுக்கு எப்படித் தெரியும்? “நான் கடை ஊழியர்தான்” என்று எவனாவது தட்டச்சு செய்தால் போதும். அந்தக் கருவியை அந்த ஏஜென்டிடமிருந்து எடுத்துவிடுங்கள், தம்பி. விளக்கம் எழுதும் வேலையே மிச்சம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மின்-விலைப்பட்டியல் வந்தபிறகு ஒரு வாடிக்கையாளருக்காக ரத்து செய்யும் கருவி ஒன்றை வைத்தேன். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் முறையில், சரிபார்ப்பு முடிந்த 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் (தொகையைக் குறைத்துக் காட்டும் தனி ஆவணம்) போன்ற வழிகள்தான். விளக்கத்தில் 72 மணி என்று எழுதினேன். மாடல் மணிக்கணக்கைப் போடுவதில் தடுமாறியது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் இரவு வரை எத்தனை மணி என்பது அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு விடை. பிறகு கணக்கை நிரலுக்குள் வைத்தேன். காலம் கடந்திருந்தால் கருவி வெறுமனே ‘பிழை 400’ என்று துப்பாமல், “ரத்து செய்யும் காலம் முடிந்துவிட்டது, கிரெடிட் நோட் உருவாக்கும் கருவியைப் பயன்படுத்து, அதற்கு முன் பயனரிடம் ஒப்புதல் கேள்” என்று பதில் தரும். அந்தப் பிழைச் செய்தியும் விளக்கம்தான். அதிலும், மாடல் தவறிய அந்தக் கணத்தில் படிக்கும் விளக்கம்.

மூன்றாம் மாடி | செவ்வாய், மதியம் 2.03

கிராணி ஐயா சொன்னதற்குத் தலை வணங்குகிறேன். என் பதிவில் அந்த ஓட்டை இருந்தது.

இதையொட்டி ஒன்று: ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதிய கட்டுரையில் ஓர் அனுபவம் வரும். நிரல் திருத்தும் ஏஜென்ட், வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு சார்புப் பாதை (தான் இருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்கும் கோப்பு முகவரி) கொடுத்துத் தவறிக்கொண்டே இருந்தது. அவர்கள் எப்போதும் முழுப் பாதையையே கேட்கும்படி கருவியை மாற்றினார்கள், தவறு நின்றது. தவறவே இடம் இல்லாமல் கருவியைச் செய்துவிட்டால் எச்சரிக்கை எழுதும் வேலை குறைகிறது.

எம்சிபியில் ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ என்று கருவிக்குக் குறி போடும் வசதி 2025 மார்ச்சில் வந்தது. போடுங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகள்; நம்பகமான சர்வரிலிருந்து வராதவற்றை நம்பக்கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. அடுத்த மாதமே பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர், கருவி விளக்கத்துக்குள் மாடலுக்கான ரகசியக் கட்டளைகளை ஒளித்து வைத்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து எடுத்து இணைக்கும் கருவிகளின் விளக்கங்களையும் ஒருமுறை கண்ணால் படியுங்கள்.

செந்தூல் ரயில் | செவ்வாய், மாலை 6.30

எதிர்ப்பக்க எச்சரிக்கை ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் எழுதப் போகிறீர்கள். நான் எழுதினேன். 31 கருவிகள். ‘மிகவும் முக்கியம்’, ‘கட்டாயம்’, ‘ஒருபோதும் கூடாது’ என்று எல்லாவற்றிலும் கத்தியிருந்தேன். எல்லாமே முக்கியம் என்றதும் எதுவும் முக்கியமில்லாமல் போனது. ஓப்பன்ஏஐ வழிகாட்டி ஒரே நேரத்தில் இருபதுக்குள் வைக்கச் சொல்கிறது. நான் 12க்குக் கொண்டுவந்தேன். ‘பெயரால் தேடு’, ‘போன் எண்ணால் தேடு’, ‘ஆர்டர் எண்ணால் தேடு’ என்று மூன்றாக இருந்ததை ஒன்றாக்கினேன். அவற்றை வேறுபடுத்திக் காட்ட எழுதிய பத்தி முழுவதும் குப்பைக்குப் போனது. இரண்டு கருவிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை விளக்க நீங்கள் திணறினால், அவை இரண்டாக இருக்க வேண்டியவைதானா என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் படகு | வியாழன், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. செய்தவற்றைச் சொல்கிறேன்.

நீக்கும் கருவியை வாடிக்கையாளர் ஏஜென்டிடமிருந்து எடுத்துவிட்டேன். ‘கெட்_ஆர்டர்’, ‘ஆர்டர்_இன்ஃபோ’ இரண்டும் ஒன்றாகி ‘ஆர்டர்_ஸ்டேட்டஸ்’ ஆகிவிட்டன. ரத்துக்கான கருவி இப்போது ரத்து செய்யாது. கோரிக்கையைப் பதிவு செய்யும், முதலாளி தன் போனில் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ‘பினாங்கு’ என்பதற்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. தீவுக்குள் மட்டும்தான் இலவச விநியோகம், ஆனால் மாநிலம் என்று பார்த்தால் நானிருக்கும் பட்டர்வொர்த்தும் பினாங்குதான். ஏஜென்ட் எனக்கே இலவசமாக அனுப்புவதாகச் சொன்னது. இப்போது அஞ்சல் குறியீட்டை வைத்து நிரல் முடிவு செய்கிறது. எழுத்துச் சரமாக.

பழைய உரையாடல்களிலிருந்து உண்மையான கேள்விகள் முப்பதை எடுத்து, எந்தக் கருவி அழைக்கப்பட வேண்டும் என்று முதலாளியையே எழுதித் தரச் சொன்னேன். மாடல் அதேதான். விளக்கம் மாறியதும் பெரும்பாலானவை சரியாகிவிட்டன. இன்னும் தவறுவது ஒன்று: நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஒருவர் “நாளைக்கு வேண்டும்” என்றால் எந்த நாளைக்கு என்பது. அதற்கு முதலாளியும் அவர் மனைவியும் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். தேதியைச் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்தும்படி எழுதிவிட்டேன்.

கடைசியாக, விளக்கங்களை அச்சிட்டு, கடையில் போன வாரம் கல்லாவுக்குச் சேர்ந்த தங்கையிடம் கொடுத்தேன். கணினி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இதை மட்டும் வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லுங்கள்” என்றேன். கால் மணி நேரம் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? எதிலும் இல்லையே.”

முதலாளியிடம் கேட்டேன். “ஆளைப் பொறுத்து” என்கிறார். அதை எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.